அப்பாவுக்கு எந்த ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கலாம்? சொல்லுங்க
வணக்கங்க, நாங்க பாலக்கோடு பக்கம். அப்பாவுக்கு 63 வயசு, சுகர் இருக்கு. ரெண்டு பாலிசி பாத்து வச்சிருக்கேன், ஒண்ணு 5 லட்சம், ரூம் வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம்தான், அதாவது 5000, இன்னொண்ணு 10 லட்சம், ரூமுக்கு லிமிட் இல்ல ஆனா ஒவ்வொரு க்ளெய்ம்லயும் 20 சதவீதம் நாம கட்டணும், பிரீமியமும் ஜாஸ்தி. ரூம் லிமிட்ட நெனச்சாதான் பயமா இருக்கு, எங்க மாமா பெங்களூர்ல ஆபரேஷன் பண்ணப்போ 4000 லிமிட்டுக்கு 8000 ரூம்ல படுத்தாரு, ரூம் காசு மட்டும்தான் போகும்னு பாத்தா டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்தயும் பாதியா வெட்டிட்டாங்க (மருந்துக்கு மட்டும் முழுசா குடுத்தாங்க). ஏஜென்ட் இதெல்லாம் வாயே தொறக்கல.

முதலமைச்சர் காப்பீடு எங்களுக்கு வராது, வருஷ வருமானம் 1,20,000 தாண்டிருச்சு. 70 வயசுக்கு மேல குடுக்குற ஆயுஷ்மான் கார்டுக்கு இன்னும் 7 வருஷம் இருக்கு.

சுகர மறைக்காம எழுதத்தான் போறேன், வெயிட்டிங் (சுகரால வர்ற செலவுக்கு க்ளெய்ம் கெடைக்காத காலம்) 3 வருஷம்ங்கிறாங்க, காசு கூட கட்டுனா கொறையுமாம், அப்படி யாராச்சும் எடுத்திருக்கீங்களா? தருமபுரி, ஓசூர்ல கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுறது) ஒழுங்கா நடக்குதா? க்ளெய்ம் வாங்குனவங்க சொன்னா நல்லாருக்கும், ஏஜென்ட்டுங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ் வராதீங்க.