நம்ம வீட்டு இன்ஜினியருங்க: 432 பார்க் அவென்யூ

ஆர்த்தி: மாமா, நேத்து நியூயார்க்ல இருக்கிற 432 பார்க் அவென்யூ அபார்ட்மென்ட் டவரை "தீப்பெட்டிய அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. நியாயமே இல்ல. 425 மீட்டர் உயரம், ஒரு பக்கம் வெறும் 28.5 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 6 ஜன்னல், ஒவ்வொண்ணும் 10க்கு 10 அடி, அடியிலிருந்து உச்சி வரைக்கும் அதே கட்டம். மேல ஒட்டின அலங்காரம் ஒண்ணுமில்ல. வெளிய தெரியுற கான்க்ரீட் சட்டமே கட்டடத்தைத் தாங்குது. இதை வரைஞ்ச ஆர்க்கிடெக்ட் ரஃபேல் வின்யோலி பண்ணதுலயே இதுதான் நேர்மையானதுன்னு நான் சொல்வேன்.

சேலம் மாமா: சட்டத்துல எனக்குக் குறையே இல்லம்மா. நடுவுல 30க்கு 30 அடி கோர், அதாவது லிஃப்டைச் சுத்தின கான்க்ரீட் கூண்டு, சுவர் கனம் 30 அங்குலம். ஓரத்துல பதினஞ்சரை அடிக்கு ஒரு தூண். கோருக்கும் ஓரத் தூணுக்கும் நடுவுல வேற தூணே கிடையாது. கான்க்ரீட்டோட வலிமை 14,000 பிஎஸ்ஐ, அதாவது 96 மெகாபாஸ்கல். நம்ம ஊர் அபார்ட்மென்டுக்கு எம்30, அதாவது 30 மெகாபாஸ்கல் போடுறோம், அதுக்கு மூணு மடங்கு. விழுமான்னு கேள்வியே வராது. எவ்வளவு ஆடும், ஆடினா உள்ள என்னென்ன ஆகும்னுதான் கேள்வி.

குமரன்: ஆட்டத்துக்குக் காரணம் அந்த நேர் சதுரம்தான் அக்கா. காத்து ரெண்டு மூலையிலயும் மாறி மாறிச் சுழிச்சுப் பிரியும். அந்தச் சுழல் எவ்வளவு அடிக்கடி பிரியும்னு கணக்குப் போட ஸ்ட்ரூஹால் எண்ணுன்னு ஒண்ணு இருக்கு, சதுரத்துக்கு சுமார் 0.12. காத்து நொடிக்கு 25 மீட்டர்னா 0.12 × 25 ÷ 28.5 = நொடிக்கு 0.105 தடவ. அதாவது ஒன்பதரை நொடிக்கு ஒரு தள்ளு, அதுவும் காத்து அடிக்கிற திசைக்குக் குறுக்க. இவ்வளவு ஒல்லியான கட்டடத்தோட சொந்த ஆட்டமும் கிட்டத்தட்ட அதே வட்டாரத்துலதான் இருக்கும். ஊஞ்சலைச் சரியான நேரம் பாத்துத் தள்ளுற மாதிரி.

ஆர்த்தி: அதுக்குத்தானே 12 மாடிக்கு ஒருதடவ ரெண்டு மாடி உயரத்தைத் திறந்தே விட்டிருக்காங்க. ஜன்னல் ஓட்டைல கண்ணாடி இல்ல, காத்து உள்ள புகுந்து போயிடும். சுழலெல்லாம் ஒண்ணு சேராம உடையும். மேல ரெண்டு டேம்பர் வேற.

சேலம் மாமா: திறந்த மாடி நல்ல யோசனை, ஒத்துக்கிறேன். ஆனா அதுல இன்னொரு கணக்கும் இருக்கு. அப்போ நியூயார்க் விதிப்படி மெக்கானிக்கல் தளம், அதாவது மெஷினுக்கு விட்ட தளம், கட்ட அனுமதிக்கிற தளப்பரப்புல சேராது. மொத்தத்துல கிட்டத்தட்ட கால்வாசி வீடே இல்லாத தளம். சென்ட்ரல் பார்க் தெரியுற உயரம் சும்மா கிடைச்சுது. 2019ல விதிய மாத்தி, 25 அடிக்கு மேல உயரமான மெக்கானிக்கல் தளத்தைப் பரப்புல சேர்த்துட்டாங்க.

பெரியம்மா: டேம்பர்னா என்னப்பா, எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க

குமரன்: உச்சில தொங்குற பெரிய எடை பெரியம்மா. கட்டடம் ஒரு பக்கம் போனா அது கொஞ்சம் பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். நடுவுல ஷாக் அப்சார்பர் மாதிரி சிலிண்டர், ஆட்டத்தோட சக்தி அதுல சூடா மாறிடும். ஆட்டம் குறையும், முழுசா நிக்காது.

குமரன்: மிச்சம் இருக்கிற ஆட்டம்தான் உள்வேலை பாக்குற எங்க ஆளுங்களுக்குத் தலைவலி. மாடிக்கு மாடி 15.5 அடி, 4,700 மில்லிமீட்டர். நகர்வு மாடி உயரத்துல வழக்கமான 500ல ஒரு பங்குன்னு வெச்சாலும் ஒவ்வொரு மாடியும் 9 மில்லிமீட்டர் நகரலாம். ஜிப்சம் சுவரை மேல ஸ்லாபோட இறுக்கித் திருகினா ராத்திரி முழுக்க முனகும். மேல சறுக்குற டிராக், நடுவுல ரப்பர் வேணும். லிஃப்ட் கயிறு இன்னும் மோசம். கார் எங்க நிக்குதுன்னு பொறுத்துக் கயிறோட நீளம் மாறும். ஏதோ ஒரு நீளத்துல கட்டடத்தோட ஆட்டமும் கயிறோட ஆட்டமும் ஒண்ணா வந்துடும். கயிறு ஷாஃப்ட் சுவர்ல அடிக்கும், கன்ட்ரோலர் வேகத்தைக் குறைக்கும், இல்ல நிறுத்திடும்.

ஆர்த்தி: 2018 நவம்பர்ல உள்ள தண்ணி கொட்டின விஷயம்? அதுக்கும் ஆட்டம்தான் காரணம்னு சொல்லாதே.

குமரன்: சொல்லல. 60வது மாடில உயர் அழுத்தத் தண்ணிக் குழாயோட ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் போட்ட இணைப்பு, பிச்சுக்கிச்சு. சில நாள்லயே 74வதுல இன்னொரு லைன், தண்ணி ஷாஃப்டுக்குள்ள போய் ரெண்டு லிஃப்ட் நின்னுச்சு. தண்ணி சப்ளைய 12 மாடிக்கு ஒரு மண்டலமா பிரிச்சா 56 மீட்டர் தண்ணி, அஞ்சரை பார், சமாளிக்கலாம். ஆனா மண்டலத்துக்கு மண்டலம் தண்ணி ஏத்துற ரைசர் குழாய்ல அதைவிட எவ்வளவோ அதிகம். போல்டை டார்க் ரெஞ்ச்ல குறுக்குக் குறுக்கா முறுக்கணும், ஒரு பக்கமா முறுக்கினா கசிவைத் தடுக்கிற காஸ்கெட் சாயும். இது பொருத்தினதுல, சோதிச்சதுல பாக்க வேண்டிய விஷயம்.

ஆர்த்தி: அதான். 2021 வழக்குல குடியிருப்போர் சொன்ன 1,500 குறையையும் டிசைன் தலையில கட்டக் கூடாது. கட்டினவங்க அதையெல்லாம் மறுத்துட்டும் இருக்காங்க.

சேலம் மாமா: அது சரி. ஆனா 2025ல வந்த வழக்கு முகப்பு விரிசல் பத்தி. அங்க டிசைனைத் தள்ளிவிட முடியாது ஆர்த்தி. வெள்ளையா வேணும்னா இரும்புச்சத்து குறைஞ்ச வெள்ளை சிமென்ட். ஃபிளை ஆஷ், அதான் நிலக்கரிச் சாம்பல், போட்டா சாம்பல் நிறம் தட்டும். 14,000 பிஎஸ்ஐக்கு சிமென்ட் அதிகம், தண்ணி கம்மி. சூடு ஏறும், சுருங்கும், முடி மாதிரி மெல்லிசா விரியும். அதுக்கு மேல போர்வையே கிடையாது. நியூயார்க் குளிர்ல உள்ள போன தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும். அப்புறம் கம்பி துரு. பக்கத்துல 111 வெஸ்ட் 57 டவர் இதைவிட ஒல்லி, அகலத்துக்கும் உயரத்துக்கும் 1:24. ஆனா அதுக்கு டெரகோட்டா போர்வை இருக்கு. நீ நேர்மைன்னு சொல்ற அதே விஷயம்தான் மழைய நேரா எலும்புல வாங்குது.

ஆர்த்தி: போர்வை போட்டா அது வேற கட்டடம் மாமா. விரிசலைச் சரிபண்ண முடியாதா?

சேலம் மாமா: முடியும். முதல்ல கயித்துல தொங்கி ஒவ்வொரு விரிசலையும் அளந்து வரைபடத்துல குறிக்கணும். விரிசல் அசையுதான்னு காட்டுற கேஜ் ஒட்டி ஒரு குளிர், ஒரு வெயில் பாக்கணும். அசையாததுக்கு எபாக்ஸிப் பசைய இன்ஜெக்‌ஷன் பண்ணணும். அசையுறதுக்கு எபாக்ஸி ஆகாது, பக்கத்துலயே புதுசா விரியும். V மாதிரி வெட்டி பாலியூரித்தேன் சீலன்ட் அடைக்கணும். எல்லாத்துக்கும் மேல தண்ணி இறங்காம தடுக்கிற சிலேன் பூச்சு, நிறம் மாறாது, சுவர் மூச்சு விடும். ஆனா அது அகலமான விரிசலை மூடாது. அதுக்கு ரப்பர் மாதிரி படியுற பெயின்ட்தான் வழி.

ஆர்த்தி: அதை அடிச்சா கான்க்ரீட்டே தெரியாதே!

சேலம் மாமா: தெரியாது. பெயின்ட் அடிச்ச கட்டடமாத்தான் நிக்கும். சில வருஷத்துக்கு ஒருதடவ 425 மீட்டருக்கும் மறுபடி அடிக்கணும்.

ஆர்த்தி: வேண்டாம் மாமா. ஒவ்வொரு விரிசலா வெட்டி அடைக்கட்டும், தழும்பு தெரிஞ்சா தெரியட்டும்.