மறு: டெம்பரிங் – பதமிறக்கல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கொல்லுப்பட்டறைச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில் டெம்பரிங்குக்கு, அதாவது காய்ச்சிக் குளிரவைத்துக் கெட்டியாக்கிய உருக்கைத் திரும்ப அளவாகச் சூடாக்கி அந்தக் கெட்டியைச் சற்றுக் குறைப்பதற்கு, என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> டெம்பரிங் = பதப்படுத்தல் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் பழகிய சொல்தானே.

ஐயா, பழகிய சொல் என்பதுதான் இங்கே சிக்கல். மீனையும் தோலையும் பதப்படுத்துகிறோம். பட்டறைக் குறிப்பில் அதே சொல் வந்தால், இரும்பைக் கெட்டியாக்கச் சொல்கிறார்களா, ஏறிய கெட்டியைக் குறைக்கச் சொல்கிறார்களா என்று படிக்கிறவருக்குப் பிடிபடாது. வீட்டுக் கொல்லையில் சின்ன உலை போட்டு, தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைத்து, லாரி வில்பட்டையில் கத்தி அடிக்கிறவர்களுக்குத்தான் நம் பட்டியல் முக்கியமாகப் பயன்படப்போகிறது. இந்த இரண்டு வேலையும் குழம்பினால் முதல் வெட்டிலேயே கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தெறிக்கும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். அறுவடை இயந்திரம் வந்தபின் கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்ட வருகிறவர்கள் குறைவு. தென்னை மட்டை வெட்டும் கொடுவாள் மட்டும் இன்னும் வருகிறது. ஆசாரி அதைச் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் பிடித்து, வாயை மட்டும் தண்ணீரில் முக்குவார். முதுகில் கனல் அப்படியே இருக்கும். சட்டென்று வெளியே எடுத்துச் செங்கல் துண்டால் வாயை நாலு இழுப்பு இழுப்பார். கருஞ்செதில் உரிந்து வெள்ளை தெரியும். முதுகுச் சூடு வாய்க்கு இறங்க இறங்க, அந்த வெள்ளையில் வெளிர்மஞ்சள் ஓடும், அப்புறம் பழுப்பு, அதன் பின்னால் ஊதா. ஊதா வாயைத் தொடும் நேரத்தில் மறுபடி தண்ணீர். ஒரே காய்ச்சலில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். முதல் முக்கலுக்குப் பெயர் தோய்ச்சல். அடுத்ததை "நிறம் பாக்குறது" என்பார்.

உள்ளே நடப்பது இதுதான். சிவந்த உருக்கு சடாரென்று குளிர்ந்தால் மார்ட்டென்சைட் என்ற அமைப்புக்கு மாறுகிறது. கண்ணாடி மாதிரி கெட்டி, அதே மாதிரி உடையவும் செய்யும். அதையே 200 முதல் 300 பாகை செல்சியசுக்குள் திரும்பச் சூடாக்கினால் கடினம் கொஞ்சம் குறைந்து, அடி தாங்கும் உரம் வருகிறது. வெளிர்மஞ்சள் சுமார் 220, பழுப்பு 260, ஊதா 280, நீலம் 300. சவரக்கத்தியை மஞ்சளில் நிறுத்த வேண்டும். கோடரி, கொடுவாளுக்கு ஊதா வரை போகலாம்.

ஆகவே தோய்ச்சலை முதல் வேலைக்கே விட்டுவிடுவோம், அதில் கைவைக்க வேண்டாம். டெம்பரிங்குக்குப் பதமிறக்கல். அந்த நிறங்களுக்கு நிறப்பதம். "கொடுவாளைத் தோய்த்து, ஊதா நிறப்பதம் வரும்வரை பதமிறக்கு" என்று எழுதினால் பட்டறையில் படித்துக்காட்டலாம், விளக்கவுரை வேண்டியதில்லை.

"பதம் இறங்கிவிட்டது என்றால் கெட்டுப்போனது என்றல்லவா தோன்றும்?" என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் சாணைக்கல்லில் வாய் நீலம் பாய்ந்து கெட்டால் எங்கள் பக்கம் "டெம்பர் போயிடுச்சு" என்பார்கள். அதைப் "பதம் போயிற்று" என்றே எழுதலாம். போவது தானாக நடப்பது, இறக்குவது நாம் செய்வது. இந்த வேறுபாடு தமிழில் தெளிவாகவே இருக்கிறது.

அனீலிங்குக்குச் சாம்பலாற்று என்று வைத்தால் எனக்குச் சம்மதம். சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுவதுதானே. நார்மலைசிங்தான் பாக்கி. சிவக்கக் காய்ச்சி வெறும் காற்றில் ஆறவிடும் அந்த வேலைக்கு உங்கள் ஊர்ப் பட்டறைகளில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.