அட்டன், நுவரெலியா பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: பில்லில் இல்லாத வரி

போன வாரம் தமிழ்நாட்டிலிருந்து தலவாக்கலைக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவர், இங்குள்ள சூப்பர்மார்க்கெட் பில்லைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "அண்ணா, 5,900 ரூபாய்க்கு ரெண்டு பை சாமான்தான் வந்துச்சு. வரி எவ்வளவுன்னு எங்கேயும் போடலையே, ஏமாத்துறாங்களா?"

ஏமாற்றவில்லை தம்பி. நான் கோயம்புத்தூரிலிருந்து அட்டன் வந்து ஏழு வருடம் ஆகிறது. முதல் மாதம் எனக்கும் இதே சந்தேகம்தான். ஊரில் பில் அடியில் வரியை சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்துப் போட்டதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இங்கே வற், அதாவது பெறுமதி சேர் வரி, சாமான் அடுக்கிய தட்டில் ஒட்டியிருக்கும் விலைக்குள்ளேயே அடக்கம். 2022 மே மாதம் வரை 8 சதவீதமாக இருந்தது. பொருளாதார நெருக்கடி வந்த பிறகு 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. ஊரில் பொருளுக்கு ஒரு விகிதம் என்றால், இங்கே வரி உள்ள பொருளுக்கெல்லாம் ஒரே விகிதம்.

கணக்குப் போடும்போது 5,900இல் 18 சதவீதம் என்று போடாதீர்கள். விலையை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். எல்லாமே சோப்பு, பிஸ்கட், ஷாம்பு என்றால் 900 ரூபாய் வரி. தம்பியின் பில்லில் அரிசி, பாண் (பிரெட்), போஞ்சி (பீன்ஸ்) எல்லாம் இருக்கிறது. அரிசிக்கும் பாணுக்கும், இங்கேயே விளைந்த பதப்படுத்தாத மரக்கறிக்கும் (காய்கறிக்கும்) சட்டப்படி விலக்கு உண்டு. அதனால் அவர் கட்டியது 900ஐ விடக் குறைவு.

அந்தப் பணத்தைக் கடைக்காரர் முழுசாகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுவதும் இல்லை. சோப்பை வாங்கும்போதே கம்பனிக்கு வற் கொடுத்திருப்பார். அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கட்டுவார். இறக்குமதியாளர், தொழிற்சாலை, கடை என்று துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தாலும், மொத்தமும் நம் சட்டைப்பையிலிருந்துதான். இதற்கு மேல் 2022 அக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி 2.5 சதவீதம். சில்லறைக் கடைக்கு விற்பனையில் பாதிக்குத்தான் கணக்கு. ஆனால் இதில் வற் மாதிரிக் கழிக்க முடியாது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும்.

இறக்குமதிச் சாமானுக்குத் துறைமுகத்திலேயே வரி ஏறுவதும் உண்டு. 2023 நவம்பரில் சீனி கிலோவுக்கு 25 சதமாக, அதாவது கால் ரூபாயாக, இருந்த வரியை ஒரே அடியாக 50 ரூபாய் ஆக்கினார்கள். அன்றைக்கு நான் டீயில் சீனியைக் குறைத்தவன், இன்னும் கூட்டவில்லை.

வரி போக மீதியில் பெரும்பங்கு சரக்கை வாங்கிய விலை. அப்புறம் சம்பளம், குளிரூட்டிக்குக் கரண்ட், வாடகை, லொறி, அழுகிப்போவது. பெரிய கடைகளுக்கு நூறு ரூபாயில் நிகரமாக நிற்பது சில ரூபாய்தான். அதிலும் 30 சதவீதம் வருமான வரி.

"அப்போ டவுன் பலசரக்குக் கடையில் வற் இல்லையே, அங்கேயே வாங்கலாமே" என்பார்கள். பாதி உண்மை. 2024 கணக்கில் ஆண்டு விற்பனை 60 மில்லியன் ரூபாயைத் தாண்டாத கடை வற்றுக்குப் பதிய வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த முதலாளி மொத்தமாக வாங்கும்போதே வற் கட்டிவிடுகிறார், அது விலைக்குள் வந்துவிடும். பாக்கெட் சாமானில் உச்ச சில்லறை விலை அச்சாகியிருப்பதால் பெரிதாக வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் மரக்கறியில்தான். கந்தப்பளைக் கரட் ஏசி கடைக்குள் கழுவி அடுக்கப்பட்டிருக்கும்போது ஒரு விலை, சந்தையில் மண்ணோடு ஒரு விலை. நான் மண்ணோடு வாங்குகிற கட்சி.

எங்கள் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் ஆனபோது கேட்டார், "இதுல அரசாங்கத்துக்கு எவ்வளவு?" வருமான வரி இல்லை என்றேன். ஆனால் அந்த 1,350ஐ சோப்பு, பற்பசையில் செலவழித்தால் 206 ரூபாய் வற். நுவரெலியாவுக்குக் கார் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கும் அதே விகிதம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இரண்டு விஷயம் பழகிக்கொள்ளுங்கள். "கழிவு" என்று போர்டு இருந்தால் மிரளாதீர்கள், தள்ளுபடியைத்தான் சொல்கிறார்கள். சில நாட்களில் வங்கி அட்டைக்கு மரக்கறியில் நல்ல கழிவு கிடைக்கும். அடுத்தது, காசு கொடுக்குமுன் தட்டு விலையையும் பில் விலையையும் ஒப்பிடுங்கள். ஒரு கடையில் பால்மாவுக்குத் தட்டில் பழைய விலை, பில்லில் 60 ரூபாய் கூட. தட்டுச் சீட்டைப் படம் எடுத்துக் காட்டியதும் பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடிக்கலாம்.

தம்பி, உங்கள் பில்லின் கடைசியில் இருக்கும் அந்தச் சின்னத் தொகை வரி இல்லை. ரெண்டு பொலித்தீன் பைக்குப் போட்டது. அடுத்த முறை வீட்டிலிருந்து பை கொண்டு போங்கள்.