பி.எஸ்ஸி. இயற்பியலும் 800 மீட்டரும்: ஓ.டி., லேப் ரெக்கார்டு, வேலைவாய்ப்பு

சேரன்மகாதேவி அப்பா:
மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறாள். காலை 6 மணிக்கு அண்ணா விளையாட்டரங்கில் பயிற்சி, அங்கிருந்து நேரே கல்லூரி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் முகாம், போட்டி என்று நிறைய வகுப்பு போகும் என்கிறார்கள். அட்டெண்டன்ஸ், லேப் எல்லாம் எப்படிச் சரிக்கட்டுவது? இந்த ஓட்டம் வேலைக்கு உதவுமா?

மைதானத்து மண்:
கணக்கிலிருந்து தொடங்குங்கள். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 75 விழுக்காடு வருகைக்கு 68 நாள் வேண்டும். கையில் இருப்பது 22 நாள்தான். அதைக் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் வைத்துக்கொண்டு, போட்டி நாட்களை முழுக்க ஓ.டி.யில் (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரிப் பணியாக வெளியே போனதற்கான வருகை) கொண்டுவர வேண்டும்.

ஓ.டி. தானாக விழாது. அணித் தேர்வுக் கடிதம் வந்த அன்றே பயணத் தேதிகளையும் சேர்த்து எழுதி, உடற்கல்வி இயக்குநர், துறைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். திரும்பியதும் பங்கேற்புச் சான்றின் நகல். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோனால் பதிவேட்டை முடித்திருப்பார்கள். அங்கேதான் பலருக்குச் சிக்கல்.

லேப் வேறு கதை. ஓ.டி. வருகையைத் தரும், சோதனையைச் செய்து தராது. பெரும்பாலும் வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்திருப்பார்கள். கிளம்பும் முன்பே ஆசிரியரிடம் கேட்டு, விடுபடப்போகும் சோதனையை மற்ற பேட்ச்சோடு செய்யட்டும். அளவீடுகளை எடுத்த வாரமே ரெக்கார்டில் (சோதனைகளை எழுதும் நோட்டில்) ஆசிரியர் கையெழுத்து வாங்கணும். நாலைந்து சோதனை சேர்ந்துவிட்டால் செய்முறைத் தேர்வு நெருக்கத்தில் கருவி கிடைக்காது. இன்டர்னல் தேர்வுத் தேதி மோதினால் மறுதேர்வுக்கும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

ஃபைல் அண்ணாச்சி:
வேலைக்கு உதவும் அண்ணாச்சி, ஆனா காகிதம் சரியா இருக்கணும். மாவட்டப் போட்டி, மாரத்தான் பதக்கமெல்லாம் வேலை ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்குப் படிவம் 3-ங்கிற சான்றிதழ் உண்டு. அதுல கையெழுத்துப் போட வேண்டியது பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர்; கல்லூரி முதல்வர் இல்ல. பேரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுல உள்ளபடியே இருக்கா, போட்டித் தேதியும் எத்தனையாவது இடம்ங்கிறதும் குறிச்சிருக்கா, அங்கேயே பாத்துக்கிடுங்க. படிப்பு முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு திருத்த அபிஷேகப்பட்டிக்கு, பல்கலைக்கழகத்துக்கு அலையுறது பெரிய பாடு.

தமிழ்நாடு அரசுப் பணியில 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு, அதுக்குப் பெரிய பதக்கம் வேணும். காவலர் தேர்வுல 10 விழுக்காடு. ரயில்வேயில சமீபத்துச் சாதனையைத்தான் எடுப்பாங்க, இப்பவும் ஆடுகளத்துல இருக்கணும். அதனால இறுதியாண்டுல பதக்கம் வந்தா அறிவிப்பைப் பாத்து உடனே விண்ணப்பிக்கணும். சான்றிதழைப் பெட்டியில பூட்டி வச்சா அதோட மதிப்பு போயிரும்.

அரியர் மட்டும் விழவே கூடாது. பட்டம் கேக்குற பணிக்குப் பட்டம் கையில இல்லன்னா எந்த மெடலும் காப்பாத்தாது. பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் படிப்பு) போகணும்னாலும் பொதுவா பட்டத்துல 50 விழுக்காடு கேப்பாங்க.

சேரன்மகாதேவி அப்பா:
ரொம்ப நன்றி. தேர்வு நேரத்தில் பயிற்சியை நிறுத்திவிடலாமா?

மைதானத்து மண்:
நிறுத்த வேண்டாம். மொத்தத் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் 300 மீட்டர் இடைவெளி ஓட்டம் (நடுநடுவே ஓய்வு விட்டு வேகமாக ஓடுவது), வழக்கமாக 6 முறை என்றால் 3 முறை. இரண்டு நாள் அரைமணி நேர மெதுவோட்டம். சில வாரம் இப்படிப் போனால் திறன் பெரிதாக இறங்காது. முழுக்க விட்டால் மூன்றாவது வாரத்திலேயே மூச்சு வாங்கும்.

இரவு 10 மணிக்குப் படுத்துவிட வேண்டும். அப்படியும் மத்தியான வகுப்பில் சோர்ந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பாருங்கள். ஓடும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறைவது சாதாரணம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.