மண்டபத்தில் ஆளில்லாமல் கிடக்கும் பை: வேலையாட்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

கோண்டாவிலான்:
வணக்கம். கோண்டாவில் பக்கம் ஒரு கலியாண மண்டபத்துக்கு நான் பொறுப்பு. ஆறு பெடியன்கள், இரண்டு அக்காமார், வாசலில் ஒரு காவலாளி ஐயா, அவ்வளவுதான் ஆட்கள். போன ஞாயிறு ஒரு சாமத்தியவீடு நடந்தது. கடைசிப் பந்தி எழும்புகிற நேரம் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு கறுப்புத் தோள்பை கிடந்ததை ஒரு பெடியன் கண்டிருக்கிறான். கண்டவன் என்ன செய்தான் தெரியுமா? தூக்கினான், காதோடு வைத்துக் கேட்டான், ஒருதரம் குலுக்கினான், பிறகு சிப்பை இழுத்துத் திறந்தான். உள்ளே வீடியோக்காரரின் பற்றரிகளும் வயர்களும் மடித்த ஒரு சாரமும். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இரவு படுத்த பிறகுதான் நித்திரை வரவில்லை.

ஒவ்வொரு விழாவிலும் குடை, பால்போத்தல், சீலைப் பை என்று எத்தனையோ சாமான் விட்டுப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பொலிசைக் கூப்பிட முடியாது. எதை எடுத்து வைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று பெடியன்களுக்கு விளங்குகிற மாதிரி எப்படிச் சொல்வது?

வெம்பிளி அண்ணை:
தம்பி, நான் லண்டனில் ரயில் நிலையத்தில் வேலை செய்தவன். அங்கேயும் இதே கரைச்சல்தான், ஆட்கள் நாள் முழுக்கப் பை விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு 'ஹொட்' (HOT, மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து) என்று ஒரு முறை சொல்லித் தருவார்கள், மூன்றே கேள்வி. பொருளை யாரோ வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார்களா? வயர், பற்றரி, சுற்றிய ரேப், கசிகிற திரவம் என்று பார்த்த உடனேயே சந்தேகம் வருகிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் கிடக்கிற சாமானா?

கதிரைக்குக் கீழே கிடக்கிற சீலைப் பை மூன்றிலும் தப்பிவிடும். பக்கத்தில் இருப்பவர்களிடம் "இது ஆருடையது?" என்று கேட்டு, கமராவில் யார் வைத்தது என்று பார்த்து, எடுத்து வைக்கலாம். உங்கள் கறுப்புப் பை வேறு கதை. வீடியோக்காரரின் பை மேடையடியில் கிடந்தால் சரி, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அதற்கு என்ன வேலை? அங்கேயே நின்று உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் தொடக் கூடாது, தள்ளக் கூடாது, மேலே எதையும் போட்டு மூடக் கூடாது. பொருளுக்குப் 15 மீற்றருக்குள் போனோ வோக்கியோ பாவிக்கக் கூடாது, தள்ளிப் போய்த்தான் பேச வேண்டும். சனத்தை எவ்வளவு தூரம் விலக்குவது என்பதற்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. தோள்பை அளவென்றால் 100 மீற்றர், பெரிய சூட்கேஸ் அல்லது கார் என்றால் 200, லொறி அளவென்றால் 400. பை கண்ணுக்குத் தெரியாதபடி கெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது. பிறகு 119. பொலிஸ் வரும்வரை ஒருவரையும் திரும்ப உள்ளே விடாதீர்கள், செருப்பை விட்டுவிட்டேன் என்று ஒரு அம்மா கட்டாயம் வருவா.

முகமாலைக்காரி:
அண்ணை சொன்னது சரி. ஆனால் தம்பி, அந்தப் பெடியன் ஏன் பையைத் திறந்தான் என்று யோசித்தீர்களா? சும்மா ஒரு பைக்கு உங்களைக் கூப்பிட்டால் பேச்சு வாங்க வேண்டிவரும் என்ற பயமாகத்தான் இருக்கும். குண்டை நினைத்துப் பயந்திருக்கவே மாட்டான்.

நான் மிதிவெடி அகற்றுகிற வேலையில் சில வருசம் இருந்தேன். கருவி கத்தும், குந்தியிருந்து மண்ணை மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்தால் மீன்ரின் மூடி. திரும்பக் கத்தும், ஆணி. அப்படி எத்தனை தடவை பொறுப்பாளரைக் கூப்பிட்டிருப்போம், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒருதரம் சுளித்திருந்தால் அடுத்த முறை நாங்களே கையால் கிளறியிருப்போம். வேலையாட்களைக் கூட்டி வைத்து, "பிழையாகக் கூப்பிட்டாலும் ஏச மாட்டேன்" என்று வாயால் சொல்லுங்கள். சொன்னபடி நடவுங்கள்.

அப்புறம், கண்டவர் வந்த வழியாலேயே திரும்ப வேண்டும். எங்கே, என்ன நிறம், எவ்வளவு பெரிது, எத்தனை மணிக்குக் கண்டது என்று எழுதி வைத்தால் வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. இங்கே காணி துப்புரவாக்கும்போது போர்க்காலத்தில் விழுந்து வெடிக்காத பழைய செல் குண்டு கிடைத்தாலே, பொலிஸ் வந்து, நீதிமன்ற அனுமதி எடுத்து, விசேட அதிரடிப்படைதான் அகற்றுகிறது. அவ்வளவு நடைமுறை இருக்கிற வேலையை இருபது வயசுப் பெடியன் சிப்பை இழுத்து முடிக்கிறான்!

சுன்னாகம் சந்தி:
இதெல்லாம் கொஞ்சம் கூடிப்போன கதை. யாழ்ப்பாணத்தில் இப்போது ஆர் கலியாண வீட்டில் குண்டு வைக்கப் போகிறான்? மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் சனம் மிதிபட்டே சாகும், தாலி கட்டு முகூர்த்தமும் போய்விடும். பிறகு மண்டபத்துக்கு ஆர் வருவான்?

முகமாலைக்காரி:
2019 சித்திரையில், உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த தேவாலயங்களில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு ஒருவன் தோள்பையோடு வந்தான், வாசலில் நின்றவர்கள் விசாரித்து மறித்ததால்தான் அவனால் உள்ளே போக முடியவில்லை. அடுத்த நாள் கொழும்பு பஸ்ரியன் மாவத்தை பஸ் நிலையத்தில் குண்டை வெடிக்கவைக்கிற டெற்றனேற்றர்கள் 87 கிடந்தன. அந்த வருசம் நல்லூர்த் திருவிழாவில் பை சோதித்தபோதும் எல்லாரும் முணுமுணுத்தோம், நானும்தான்.

மிதிபடுவது பற்றிச் சொன்னது மட்டும் நியாயம். அதனால் மைக்கில் 'குண்டு' என்ற சொல்லே வரக் கூடாது. முதலில் மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள், தவில் அடிக்கிற நேரம் எவருக்கு என்ன கேட்கும்? பிறகு தெரிந்த குரல் ஒன்று ஆறுதலாக, "எல்லாரும் முன் வாசலால் வெளியே வாங்கோ, பிள்ளைகளைக் கையில் பிடியுங்கோ" என்று இரண்டு தரம் சொன்னால் போதும். சனத்தை வாகனங்கள் நிற்கிற பக்கம் அனுப்பாதீர்கள்.

கோண்டாவிலான்:
எல்லாருக்கும் நன்றி. திங்கள் பின்னேரம் ஆட்களைக் கூட்டிக் கதைத்தேன். மூன்று கேள்வியையும் கடதாசியில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டியாயிற்று. வீடியோக்காரர், சோடனைக்காரர் எல்லாருக்கும் சாமான் வைக்க ஒரே அறை, வேறெங்கும் வைக்கக் கூடாது. அக்கா சொன்னபடி "ஏச மாட்டேன்" என்றும் சொன்னேன், ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

நேற்று விடிய ஐந்து மணிக்குக் காவலாளி ஐயா போன் எடுத்தார், கேற்றடியில் ஒரு உரப்பை கிடக்கிறதாம், தான் றோட்டுக்கு மற்றப் பக்கம் நிற்கிறாராம். ஓடிப்போய்த் தள்ளி நின்று விசாரித்தால், வாழைக்குலை கட்டுகிறவர் கயிறும் கத்தியும் போட்டு விட்டுப்போன பை, அவரே வந்து எடுத்தார். ஏசவில்லை. ஐயாவுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன், பெடியன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு சிக்கல், 100 மீற்றரை அளந்து பார்த்தால் எங்கள் வளவு அவ்வளவு நீளம் இல்லை. பின்பக்கத் தோட்டக்காரரிடம் அவசரமென்றால் படலையைத் திறந்துவிடக் கேட்டிருக்கிறேன். வெங்காயப் பாத்தியை மிதிக்காமல் வரம்பால் போவதென்றால் சரியாம்.