தங்கை மானிடவியல் படிக்கட்டுமா?

ஓசூர்க்காரன்:
தங்கை பி.ஏ. முடித்துவிட்டாள். அடுத்து மானிடவியலில் எம்.ஏ. சேர்ந்து, இனக்குழு அடையாளம், பல பண்பாடுகள் கலந்து வாழும் ஊர்கள், இதையெல்லாம் படிக்க வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடமும் உருதும், பள்ளியில் தமிழ். நீங்கள் யார் என்று கேட்டால் வீட்டிலேயே ஆளுக்கு ஒரு பதில் வரும், அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் இதைப் படிக்காமல் வேறு யார் படிப்பது? அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

பாலக்கோட்டான்:
வேண்டாம் தம்பி. நாங்கள் குருமன்ஸ், பழங்குடிப் பட்டியலில் உள்ள இனம், ஆடு மேய்த்த குடும்பம். அண்ணன் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, குலதெய்வம் எது, சாவுக்கு என்ன செய்வீர்கள், தலையில் தேங்காய் உடைப்பீர்களா என்று அவனிடமே கேட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் வளர்ந்த பையன், திருதிருவென்று முழித்தான். கேட்டவர் இதே படிப்பு படித்தவர்தான். இரண்டு வருடம் இழுத்தடித்தார்கள், கல்லூரி இடமும் போனது.

அரூர் அக்கா:
அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் கோளாறு படிப்பில் இல்லை, அரைகுறையாகப் படித்ததில் இருக்கிறது. 1994-ல், பழங்குடிச் சான்றிதழ் பற்றிய மாதுரி பாட்டில் வழக்கில், சான்றிதழைச் சரிபார்க்க உச்ச நீதிமன்றம் சொன்ன நடைமுறையில்தான் தெய்வம், சடங்கு, திருமண முறை எல்லாம் விசாரணைக்குள் வந்தன. அதற்கு 25 வருடம் முன்பே, 1969-ல், நார்வே அறிஞர் ஃபிரெட்ரிக் பார்த் எழுதிவிட்டார்: ஒரு குழுவின் வழக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கும், நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று இரு பக்கமும் காக்கிற எல்லைதான் அதைக் குழுவாக வைத்திருக்கிறது என்று. இது தெரிந்தவர் தேங்காயைப் பற்றிக் கேட்டு ஒரு பையனை நிராகரிக்க மாட்டார். 2023 மார்ச்சில் அதே நீதிமன்றமும், வழக்கங்கள் அந்த இனத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இந்த ஒப்புமைச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றது.

பாலக்கோட்டான்:
2023-ல் அவன் வேலைக்குப் போய்விட்டான் அக்கா. தீர்ப்பை நாம் படித்து என்ன, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் படிக்க வேண்டும். அப்புறம், பென்னாகரம் சந்தையில் யாரும் யாரையும் நீ என்ன இனம் என்று கேட்பதில்லை. இந்தப் படிப்பு வந்துதான் கேட்க வைக்கும்.

ஓசூர்க்காரன்:
சந்தையில் கேட்பதில்லை, சரி. வீடு வாடகைக்குக் கொடுக்கும்போது? பெண் பார்க்கும்போது? எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நாளைக்கு என் தங்கை உட்கார வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அண்ணே, அவள் வந்தால் உங்கள் அண்ணன் மகன் பேசுவாரா?

பாலக்கோட்டான்:
எங்கள் அம்மா பேசும். வீரபத்திரர் பாட்டு முழுசாகத் தெரியும், ஒரு நாள் பூராவும் சொல்லும். அவன் பேச மாட்டான் தம்பி. சான்றிதழ் என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவான்.