இக்கட்டான நேரத்தில் விசுவாசம் உங்களைத் தாங்கியதா? பிரசங்கம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்

உப்புக்காற்று

ஓக்கி புயல், 2017 நவம்பர் 30. அதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். எங்களுடையது குமரி மாவட்டக் கடற்கரையில், நீரோடிக்கும் இரயுமன்துறைக்கும் நடுவில் ஒரு ஊர். சித்தப்பா போனது ஆழ்கடல் தொழிலுக்கு. சுறா பிடிக்கிற ஆட்கள், போனால் வாரக்கணக்கில் கரைக்கு வர மாட்டார்கள். கரையில் அறிவித்த எச்சரிக்கை அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்கும்? படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. டிசம்பர் 7 அன்று, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத்தில் மறியலுக்கு உட்கார்ந்த கூட்டத்தில் சித்தியும் இருந்தாள்.

நான் சொல்ல வந்தது அந்தக் கிறிஸ்துமஸ் இரவு. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ஸ்டார் கட்டவில்லை. பூசை மட்டும்தான், அதுவும் பாதி லைட்டில். கத்தோலிக்கர்களுக்குத் தெரியும், நள்ளிரவுப் பூசையில் 'உன்னதங்களிலே' தொடங்கியதும் கோவில் மணி, பீடத்து மணி எல்லாம் சேர்ந்து அடிக்கும். அன்றைக்குச் சாமியார் அந்த வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். பாட்டு எடுக்க ஒருவரும் இல்லை. பீடச்சிறுவன் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கலாமா கூடாதா என்று சாமியார் முகத்தைப் பார்க்கிறான். அவர் தரையைப் பார்க்கிறார். அந்தப் பையன் வீட்டிலும் ஒருவர் வரவில்லை.

சித்தி எழுந்து போனாள். பையன் கையிலிருந்த மணியை வாங்கி அடித்தாள். அழுதுகொண்டு அடிக்கவில்லை. யார் மீதோ கோபம் இருப்பது மாதிரி, கை வலிக்கிற வரைக்கும் அடித்தாள். அதன் பிறகுதான் ஜனங்கள் பாட ஆரம்பித்தார்கள்.

அது விசுவாசமா, கோபமா? இத்தனை வருடம் ஆகியும் எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் வரவில்லை.

ஜெபவீரன் 77

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் சாட்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர், சென்னை வெள்ளம், முடிச்சூர். ராத்திரி தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. குடும்பமாக மாடிப்படியில் உட்கார்ந்து, கர்த்தர் காப்பார் என்று சொல்லும் சங்கீதம் 91 வாசித்தோம். மூன்றாவது படியோடு தண்ணீர் நின்றது. அல்லேலூயா.

உங்கள் சித்திக்குச் சில ஆலோசனைகள். காலை 4 மணிக்கு எழுந்து யாருடனும் பேசுவதற்கு முன்னால் ஜெபிக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டு வாங்கி இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் பதில் என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கலாம், சுகர் இருந்தால் மதியம் வரை போதும். டிவி செய்தியை ஒரு மாதம் நிறுத்த வேண்டும். அடுத்து, வீட்டு வாசல்படியில் ஜெபித்த எண்ணெய் பூசுவது நல்லது. துக்கத்தில் இருக்கிறவர்களோடு அதிகம் உட்காரக் கூடாது, அது தொற்றும். முக்கியமாக, கோபத்தோடு மணி அடிப்பதெல்லாம் விசுவாசத்தில் சேராது. முழு விசுவாசத்தோடு கேட்டால் கடலும் கீழ்ப்படியும். பக்கத்தில் நல்ல சபை இருந்தால் சேர்த்துவிடுங்கள். வேண்டுமானால் தினம் ஒரு வசனம் நான் அனுப்புகிறேன்.

மொட்டைமாடி

ஜெபவீரன் அவர்களே, நானும் முடிச்சூர்தான். அதே ராத்திரி நாங்களும் சங்கீதம் 91தான் வாசித்தோம். எங்கள் வீட்டில் தண்ணீர் ஃபேன் வரைக்கும் வந்தது. இதற்கு உங்கள் நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?

ஞாயிறுபள்ளி டீச்சர்

பாளையங்கோட்டை, 2021 மே. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எழுத முடியாது.

அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் என் வீட்டுக்காரருக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (வருடத்துக்கென்று ஒரு வசனம் எழுதிக் கொடுப்பது) ஏசாயா 41:10, 'நீ பயப்படாதே'. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினோராம் நாள் ஒரு பிளாஸ்டிக் கவரில் கண்ணாடி, சார்ஜர், அந்த அட்டை மூன்றையும் கொடுத்தார்கள்.

அடக்கத்துக்கு எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், வர முடியவில்லை, அவருக்கும் கொரோனா. போனில் அடக்க ஆராதனை நடத்தினார். குழிக்குள் இறக்க வந்திருந்தவர்கள் முஸ்லிம் பையன்கள். அப்போது நிறைய ஊர்களில் அவர்கள்தானே செய்தார்கள். நாங்கள் தள்ளி நிற்க வேண்டும் என்பதால் அவர்களில் ஒருவன் என் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, குழி பக்கமாகக் குனிந்து பிடித்துக்கொண்டான். 'மண்ணுக்கு மண்' என்கிற இடத்தில் லைன் கட்டாகிவிட்டது. மற்றவர்கள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். இவன் கையைக் காட்டி நிறுத்தினான். கையுறையோடு அழுத்தி அழுத்திப் பார்த்தான், எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினான். திரும்பப் போட்டு, "சார், கட்டாயிடுச்சு. விட்ட எடத்துலேர்ந்து சொல்லுங்க" என்றான்.

எனக்கு அந்த வசனம் நிறைவேறவில்லை என்று ஒரு வருடம் கர்த்தரோடு பேச்சே இல்லை. சங்கீதம் 88 மட்டும் வாசிப்பேன். மற்றவை பெரும்பாலும் எவ்வளவு புலம்பினாலும் கடைசியில் துதியில் வந்து நிற்கும். 88 அப்படி இல்லை, எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அங்கேயே விட்டுவிடும். அப்படி ஒன்றை வேதத்தில் எடுத்துப்போடாமல் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு முதல் ஆறுதல். அட்டை இன்னும் அந்தக் கவரிலேயே இருக்கிறது. அந்தப் பையன் கையுறையைக் கழற்றியது மட்டும் வாரத்தில் ஒரு தடவையாவது ஞாபகம் வரும்.

ஜெபவீரன் தம்பி, துக்கம் தொற்றும் என்று இனி எங்கேயும் எழுதாதீர்கள்.

வாவிக்கரை

நான் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நாங்கள் வேறு கோயிலில் பூசையில் இருந்தோம். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. செத்தவர்களில் எத்தனை பேர் சின்னப் பிள்ளைகள் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு விசுவாசம் காணாது என்று ஒருவரும் எனக்கு முன்னால் சொல்ல வேண்டாம், ஜெபவீரன்.

அடுத்த ஞாயிறு நாடு முழுக்கப் பூசை இல்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் டிவியில் பூசை வைத்தார். அம்மம்மா கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையோடு டிவிக்கு முன்னால் எழும்பி நின்றா, நாங்களும் நின்றோம்.

கோயில் திறந்த பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கேலாது. கேற்றடியில் மேசை போட்டு எங்கள் ஆட்களே பைகளைச் சோதித்தார்கள். அன்றைக்கு அந்த மேசையில் என்ர அப்பா. கால் மணித்தியாலத்துக்கு முன்னம் ஒரே வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர்! என் பையைத் திறந்து செபப் புத்தகத்தை விரித்து உதறினார், குடையை விரித்துப் பார்த்தார், தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றி மணந்து பார்த்தார். "அப்பா, நான்தானே" என்றேன். "தெரியும். உன்னைச் சும்மா விட்டா மற்ற ஆக்களிட்ட எப்பிடிக் கேக்கிறது?" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. போத்தலை மூடித் தரும்போது கை நடுங்கியது.

பயம் போன பிறகு கோயிலுக்குப் போகவில்லை நாங்கள். பயத்தைக் கேற்றடியில் மேசை போட்டு உட்கார வைத்துவிட்டு உள்ளே போனோம்.

சொல்லாய்வு

எல்லோரும் இரண்டு சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 13:13 எடுத்துப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. கத்தோலிக்கர்கள் இப்போது வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஆக ஒருவருக்கு மூன்றில் இரண்டாவதாக இருப்பது இன்னொருவருக்கு முதலாவது. 2025 யூபிலிக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று எழுதி வைத்தார்களே, என் சி.எஸ்.ஐ (புராட்டஸ்டன்ட் சபை) நண்பன் அதைப் பார்த்து ஏதோ டூரிஸ்ட் பஸ் என்று நினைத்துவிட்டான்.

எங்கள் வீட்டில் இது வெறும் இலக்கணம் இல்லை. அப்பா கத்தோலிக்கர், அம்மா சி.எஸ்.ஐ. ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று அப்பா "நம்பிக்கையா இரு" என்றார். அம்மா, "விசுவாசம் இருக்கு. நம்பிக்கைதான் இல்லை" என்றாள். அப்பாவுக்குப் புரியவே இல்லை. எனக்குப் புரிந்தபோது அம்மா இல்லை.

எப்படியும், எதிர்நோக்கு என்பதுதான் சரியான சொல் என்பது என் கருத்து. எதிரே நோக்கிக் காத்திருப்பது. கடற்கரையில் கணவனுக்காகக் கடலைப் பார்த்து நிற்கிற பெண்ணைவிட அதற்கு நல்ல உதாரணம் கிடையாது.

ஜெபவீரன் 77

எண்ணெய் பற்றியும் துக்கம் பற்றியும் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டீச்சரம்மா, மன்னிக்கவும். மொட்டைமாடி அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நோட்டு எழுதுவது நல்ல பழக்கம், அதில் மாற்றம் இல்லை.

உப்புக்காற்று

சொல்லாய்வு சார், உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்தி கடலைப் பார்ப்பதே இல்லை. கடல் பக்கக் கதவைப் பூட்டிச் சாவியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுற்றிக்கொண்டு தெருப் பக்கமாகத்தான் கோவிலுக்குப் போவாள். ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

இங்கே எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஒருவழியாகக் கேட்டேவிட்டேன், அன்றைக்கு ஏன் போய் மணியை வாங்கினாய் என்று.

"பய முழிச்சிட்டு நின்னான். மணி அடிக்காம ஃபாதர் எப்படி அடுத்ததுக்குப் போவாரு?" என்றாள்.

அப்புறம் சாளை மீன் வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.